மானுக்கு நீட்டிய துவக்கு

அண்ணே,

உங்கள் புட்டுக்குழலைத் திருடிவிட்டேன். வேறு யார் வாயிலாவது கேட்டு நீங்கள் சங்கடப்படுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் உங்கள் சாமான்களை யாழ்ப்பாணத்துக்கு அனுப்புவதற்காக, முசஃபா அறையில் அட்டைப்பெட்டியை விரித்து வைத்துக் கட்டிக்கொண்டிருந்தோம். சட்டைகள், ரேடியோ, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என்று ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அந்த அலுமினியக் குழல் என் கைக்கு வந்தது. சும்மா இருக்காமல் மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தேன். வெந்த மாவும் தேங்காயும் கலந்த அந்த மணம் இன்னும் உள்ளே ஒட்டிக்கொண்டிருந்தது. அடுத்த நொடி குழல் என் சட்டைக்குள் இருந்தது. மாதா கோயிலில் காணிக்கைத் தட்டைப் பிடிக்கும் மனிதன், பேரன் எடுக்கும் வயதை எட்டிக்கொண்டிருப்பவன், தொப்பைக்கும் பனியனுக்கும் நடுவே ஒரு புட்டுக்குழலைச் செருகிக்கொண்டு, இடது கையால் விலாவை அமுக்கியபடி, கஞ்சி போட்ட வேட்டி போல விறைத்து வாசலைக் கடந்தேன்.

வாசலில் டிரைவர் குல் பாய் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பல் குத்திக்கொண்டிருந்தார். பெஷாவர்க்காரருக்கு எல்லாவற்றுக்கும் ஒரு விமரிசனம் உண்டு. என்னை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொன்னார். அதைக் கடைசியில் எழுதுகிறேன். இப்போதே எழுதினால் பேனா மேலே ஓடாது.

மறுநாள் அக்கா போன் செய்தார். உங்கள் மனைவியின் குரலில் அழுகை எல்லாம் வற்றிப்போய், வீட்டு வேலைகளின் வரிசை மட்டும் மிஞ்சியிருந்தது.

“தம்பி, அவரின்ரை சாமானுக்குள்ளை அந்தப் புட்டுக்குழலையும் வைச்சனீங்களோ? அதாலைதானாம் அவருக்கு அங்கை மதிப்பு. போன் எடுத்தா அதைப் பற்றித்தான் கதைப்பார்.”

“குழலா? காணலையே அக்கா.”

கூசாமல் சொன்னது என் நாக்கு. இந்த நாக்கைப் பற்றி உங்களுக்குப் புதிதாக நான் என்ன சொல்வது? நீங்கள் இருந்தவரை அது செய்த பெரிய வேலை, துப்பாக்கிப் பெட்டி விவகாரம்தான்.

நம் அரபு முதலாளிக்கு முசஃபாவில் ஒர்க்‌ஷாப்பும், ஊருக்கு வெளியே தோட்டமும், குளிர்காலம் வந்தால் வேட்டைப் பைத்தியமும் இருந்தன. நான் ஒர்க்‌ஷாப் ஆபீசில் காகிதம் தள்ளுகிறவன். நீங்கள் தோட்டத்து வீட்டுச் சமையல்காரர், ராத்திரி படுக்க மட்டும் எங்கள் அறைக்கு வருவீர்கள். ஒரு நாள் ஏதோ நினைப்பில் புட்டு அவித்து, பேரீச்சம்பழப் பாகு ஊற்றி முதலாளி முன்னால் வைத்தீர்கள். அன்றிலிருந்து அவர் உங்களை விடவில்லை. நீத்துப்பெட்டியில் அவித்தால்தான் புட்டு என்பீர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த பனையோலைப் பெட்டி பூஞ்சணம் பிடித்துப்போனதால் மலையாளி கடையில் இந்தக் குழலை வாங்கினீர்கள். அதற்காக ஒரு மாதம் என்னிடம் வருத்தம் தெரிவித்தீர்கள், ஏதோ மதம் மாறிவிட்ட மாதிரி.

முதலாளி தான்சானியாவுக்கு வேட்டைக்குப் போகிறார், சமையலுக்கு உங்களையும் கூட்டிப்போகிறார் என்று செய்தி வந்தபோது, அறையில் எல்லாரும் வயிறெரிந்தோம். நான்தான் அதிகம். ஆனால் துப்பாக்கியும் அதே விமானத்தில் பெட்டியாகப் போகும் என்று தெரிந்ததும் உங்கள் முகம் கறுத்துவிட்டது. துப்பாக்கியை நீங்கள் ‘துவக்கு’ என்பீர்கள். அந்தச் சொல்லைச் சொல்லும்போதே உங்கள் தோள் இரண்டும் கொஞ்சம் மேலே ஏறும். கையைத் தூக்கிக்கொண்டு நின்றே பாதி வாலிபம் போய்விட்டது என்று ஒரு முறை சொன்னீர்கள். அதற்குமேல் நீங்களும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் வம்பெல்லாம் கேட்கும் எனக்கு அதை மட்டும் கேட்கத் தைரியம் வரவில்லை.

“அப்ப போகாதீங்க அண்ணே. நான் போறேன். எனக்கு என்ன, சமையல்தானே? வெந்நீர் நல்லா வைப்பேன்” என்றேன்.

நீங்கள் சிரிக்கவில்லை.

“ஆளுக்கு நீட்டின துவக்கைத்தான் நான் கண்டிருக்கிறன், தம்பி. மானுக்கு நீட்டிறதை ஒருக்கால் பாக்கோணும். அப்பதான் அது வேட்டைச் சாமான் எண்டு மனம் நம்பும்.”

அதற்காகத்தான் போக ஆசைப்பட்டீர்கள். சம்பளத்துக்கு அல்ல, ஆப்பிரிக்காவுக்கும் அல்ல. எனக்கு இது தெரியும். தெரிந்துதான் நான் பின்னால் அப்படிப் பேசினேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் கை நின்றுவிடுகிறது.

துப்பாக்கியோடு பறப்பது சாதாரணக் காரியமில்லை. போலீஸ் அனுமதி, போகிற நாட்டின் அனுமதி, விமானக் கம்பெனிக்கு முன்கூட்டியே தகவல் என்று அந்தக் காகிதங்களுக்காக நான்தான் அலைந்தேன். பெட்டி உங்கள் பொறுப்பு. கறுப்பு நிறம், இரண்டு பூட்டு, உள்ளே பஞ்சு மெத்தையில் துப்பாக்கியின் உருவத்துக்கே குழி வெட்டியிருக்கும். முதலாளி தன் கையால் துப்பாக்கியை அதில் கிடத்திவிட்டுப் போவார். அதை நீங்கள் ஒரு நாளும் தொட்டதில்லை. பெட்டியை மூடுவது, பூட்டுவது, துடைப்பது, சாவியை அவரிடம் கொடுப்பது மட்டும்தான். தோட்டாக்கள் வேறு பெட்டியில்.

விதிகளை நான் இங்கிலீஷில் வாசித்துச் சொல்லச் சொல்ல, நீங்கள் வேதம் போல மனப்பாடம் செய்தீர்கள். பிறகு எனக்கே பாடம் எடுத்தீர்கள்.

“பெட்டிக்குள்ளை துவக்கைத் தவிர ஒரு தூசியும் இருக்கப்படாது. விளங்குதோ? உம்மடை ஆக்கள் மாதிரி, இடம் கிடக்கெண்டு பால்மா டின் அடைக்கிற பெட்டியில்லை இது.”

அடி எனக்குத்தான். நான் லீவுக்குப் போகும்போது ஷூவுக்குள்கூட சோப்புக் கட்டி அடைக்கிறவன்.

சட்டி பானை ஒன்றும் எடுக்க வேண்டாம், முகாமில் எல்லாம் இருக்கிறது என்று முதலாளி சொல்லிவிட்டார். “அங்கை புட்டுக்குழல் இருக்குமோ?” என்று நீங்கள் அறையில் வந்து பொருமினீர்கள். நான் உங்களைச் சமாதானப்படுத்தினேன். மான்கறிக்கு யாராவது புட்டுக் கேட்பார்களா?

புறப்படும் காலை. குல் பாய் வண்டி ஓட்ட, நாம் மூவரும் பெட்டியோடு முன்னால் போய்விட்டோம். முதலாளி வந்து கையெழுத்துப் போட வேண்டும். அவர் வந்தார், போட்டார், காபி குடிக்க நகர்ந்தார். கவுண்டரில் ‘துப்பாக்கி இருக்கிறது’ என்று சொன்னவுடன் வரிசையில் நின்ற ஒரு குடும்பமே நம்மைத் திரும்பிப் பார்த்தது. எனக்கோ அது மாலை போட்ட மாதிரி இருந்தது. பெட்டியைப் பக்கத்தில் வைத்துக் குல் பாயிடம் ஒரு போட்டோவும் எடுத்துக்கொண்டேன். ஊரில் என் மச்சினன் இன்றுவரை நான் காட்டெருமை சுட்டவன் என்று நம்புகிறான்.

பெட்டியை ஓரத்து மெஷினுக்குக் கொண்டுபோனார்கள். நீங்கள் அதன் பக்கத்தில், கைகள் இரண்டையும் தொடையோடு ஒட்டி, கூப்பிட்டால் உடனே தூக்கத் தயாராக நிற்கிற மாதிரி நின்றீர்கள். நெற்றியில் வியர்வை. ஏசியில் மனிதன் வியர்க்கிறானே, இந்த ஆளைச் சிரிக்க வைப்போம் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அண்ணே, அதுதான் நினைத்தேன். கூட நாலு பேர் சிரித்தால் நல்லது என்றும் நினைத்தேன்.

மெஷின் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த அதிகாரியிடம் என் உடைந்த ஹிந்தியில் சொன்னேன்:

“பாய், சம்பால்கே! யே ஜாஃப்னாவாலா ஹை. ஆங்க் பந்த் கர்கே பந்தூக் ஜோட் தேகா!”

பார்த்துக்கொள், இது யாழ்ப்பாணத்து ஆள், கண்ணை மூடிக்கொண்டே துப்பாக்கியைப் பாகம் பாகமாகச் சேர்த்துவிடும்.

ஊரில் ரொட்டிக்கடை வைத்திருந்த மனிதரைப் பற்றி நான் சொன்னது இது.

அதிகாரியின் முகம் சுருங்கியது. இன்னொருவரைக் கூப்பிட்டார். இருவரும் குனிந்து பேசினார்கள். பிறகு, பெட்டியை அடைத்தது யார் என்று கேட்டார்கள். நீங்கள் கையைத் தூக்கினீர்கள், இரண்டு கையையும். உங்களை உள்ளே கூட்டிப்போனார்கள். பேச்சுக்கு உதவியாகக் குல் பாயையும் கூப்பிட்டுக்கொண்டார்கள். நான் கண்ணாடிக் கதவுக்கு வெளியே, போட்டோ எடுத்த போனைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து முதலாளியையும் அழைத்தார்கள். அவர் வெளியே வந்து கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்து, “கலாஸ்” என்று மட்டும் சொன்னார். முடிந்தது என்று அர்த்தம். துப்பாக்கி போனது, தோட்டா போனது, முதலாளி போனார். விமானம் ஏறாமல் நின்றது நீங்கள் ஒருவர்தான்.

நீங்கள் வெளியே வந்த காட்சியை நான் மறக்க மாட்டேன். பெல்ட் கையில் தொங்கிக்கொண்டிருந்தது. சட்டை வெளியே கிடந்தது. இடது கையால் விலாவை அழுத்திப் பிடித்துக்கொண்டு, முதுகை வளைக்காமல் அடிமேல் அடி வைத்து வந்தீர்கள். குனிய முடியவில்லை. நான் ஓடி வந்தேன்.

“அண்ணே, அடி கிடி விழுந்துதா? நான் சும்மா வெளையாட்டுக்குல்லா சொன்னேன்!”

“நீர் ஒண்டும் கதையாதையும்” என்றீர்கள். வண்டியில் பின்சீட்டில் முருங்கைக்காய் மாதிரி நிமிர்ந்தே உட்கார்ந்து வந்தீர்கள். குல் பாய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்மேல் கோபம் என்று நினைத்தேன்.

அன்று என் கீழ்க்கட்டிலை உங்களுக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்று ஒரு பேச்சுக்காவது சொல்வீர்கள் என்று பார்த்தேன். படுத்துவிட்டீர்கள். அன்றிலிருந்து இந்த உடம்பும் இந்த முழங்காலும் மேல்கட்டிலுக்கு ஏறி இறங்குகின்றன. நான் புரண்டால் கீழேயிருந்து குரல் வரும்: “என்ன தம்பி, மேலை கப்பலோ போகுது?” உங்கள் துணிகளை நான் துவைத்தேன். வெள்ளிக்கிழமை புட்டுக்குத் தேங்காய் துருவுவதும் நான்தான். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைச் சொன்னேன். என்ன ஜோக் என்று கேட்டார். சொன்னேன். முதலில் ஒரு சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டு, பாவம்தான் என்றார்.

முதலாளி திரும்பி வந்ததும் வேட்டை வீடியோவைப் போனில் காட்டினார். உங்களுக்கும் நீட்டினார். நான் உங்கள் தோளுக்குப் பின்னால் நின்றேன். மஞ்சள் புல், அதில் ஒரு மான், இந்தப் பக்கம் துப்பாக்கியின் குழாய். மான் மேய்வதை நிறுத்திவிட்டுத் தலையைத் திருப்பிப் பார்த்தது. வெடிச்சத்தம் வருவதற்கு முன்பே நீங்கள் போனை முதலாளியின் கையில் கொடுத்துவிட்டீர்கள்.

“காணும்” என்றீர்கள். போதும் என்பதற்கு உங்கள் ஊரில் அப்படித்தான். அறைக்கு வந்த பிறகு, நான் கேட்காமலே சொன்னீர்கள்: “அதுவும் எங்களைப் போலைதான் பாக்குது, தம்பி.”

அடுத்த குளிர்காலத்துக்குள் முதலாளிக்கு இடுப்பு பிசகி வேட்டை நின்றுபோனது. நீங்கள் நேரில் போயிருந்தால் அந்த மானின் முகத்தை வேறு மாதிரிப் பார்த்திருப்பீர்களோ, மனம் நம்பியிருக்குமோ, எனக்குத் தெரியாது. அந்தச் சந்தர்ப்பத்தை என் நாக்கு தின்றுவிட்டது என்று மட்டும் நம்பியிருந்தேன். நீங்கள் ஒரு முறையும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. யாராவது ஆப்பிரிக்கா என்று பேச்செடுத்தால் என்னை ஒரு பார்வை பார்ப்பீர்கள். நான் உடனே எழுந்து தேநீர் போடுவேன்.

லீவில் போனீர்கள். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே சாய்ந்துவிட்டீர்கள் என்று அக்கா சொன்னார். கீழ்க்கட்டில் காலியாகத்தான் கிடக்கிறது. நான் இன்னும் மேலேதான் படுக்கிறேன். கப்பல் போகிறதா என்று கேட்க ஆள் இல்லை.

விமான நிலையத்தில் இப்போது நான் வாயே திறப்பதில்லை. ‘ஜன்னலா, நடைபாதையா’ என்று கேட்டால்கூட விரலால்தான் காட்டுகிறேன். இந்த லீவில் கொழும்பு வழியாகப் போய் அக்காவைப் பார்க்கப்போகிறேன். குழல் கிடைத்துவிட்டது என்று சொல்லி அவர் கையில் கொடுப்பேன். பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுற்றி வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்வேன்.

இனி, குல் பாய் சொன்னது. விலாவை அமுக்கிக்கொண்டு விறைப்பாக நான் வாசலைக் கடந்தபோது, பல் குத்துவதை நிறுத்திவிட்டுச் சொன்னார்:

“அரே, அன்றைக்கு ஏர்போர்ட்டிலிருந்து அவரும் இதே குழலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு இப்படித்தான் நடந்து வந்தார். துப்பாக்கிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்திருந்தார். மெஷினில் பார்த்தவர்கள், துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலன்சர் என்று பிடித்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.”

“அப்போ என் ஜோக்?”

“என்ன ஜோக்?” என்றார் குல் பாய்.