மதிலோரப் பூக்களுக்குப் பெயர் சொன்னவர் யார்

வெள்ளவத்தை
வெள்ளிக்கிழமை

கண்ணியத்திற்குரிய அன்பு மகள் அர்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீயும் மருமகன் ரிஸ்கானும் மெல்பேர்ணில் நலமே இருக்க இறைவனை இறைஞ்சுகின்றேன். இங்கு வாப்பாவும் நானும் அவனருளால் சுகமே. இம்மடல் தாமதித்தமைக்கு மன்னிப்பைக் கோருகின்றேன். கோபத்துடன் எழுதினால் வாக்கியம் கெடும் என்று ஆறும்வரை காத்திருந்தேன்; ஆறவில்லை, ஆயினும் எழுதுகின்றேன்.

மருமகனைப் பெற்ற உன் மாமி ஹமீமா சென்ற மாதம் கொள்ளுப்பிட்டியிலிருந்து வந்தபோது, நம் பின்மதிலோரம் தானாக முளைத்த பூக்களைப் போனில் படமெடுத்தார். எடுக்கட்டும். மூக்குத்திப் பூ, சீதேவியார் செங்கழுநீர், தொட்டாற்சிணுங்கி என நானே ஒவ்வொன்றாகக் காட்டிப் பெயர் சொன்னேன். அன்று மாலையே அவை குடும்ப வட்ஸ்அப் குழுவில் அவர் கண்டறிந்தவைபோல் வந்தன. நீயோ, "மாமிக்கு எவ்வளவு தெரியும், மாஷா அல்லாஹ்!" என்று எழுதினாய். மருதானைப் பழைய புத்தகக் கடைகளில் மூலிகை நூல்கள் தேடி, இலையையும் படத்தையும் ஒப்பிட்டு, எவரும் கற்பிக்காமல் நான் கற்ற பெயர்கள் அவை. "பூவுக்குமா பங்கு பிரிக்கிற, பலீலா?" என்று உன் வாப்பா கேட்கின்றார். அவருக்குச் சிரிப்பு.

தண்ணீர்த் தாங்கியடியில் நின்ற ஊதாப் பூவுக்கு மட்டும் நான் பெயர் சொல்லவில்லை, வேண்டுமென்றே சொல்லவில்லை. மாமியுடைய போன் அதனைப் பெட்டூனியா என்றது, அவரும் அவ்வாறே பதிவிட்டார். அது வெடிக்காய்ச் செடி. காய்ந்த காயில் ஈரம் பட்டால் வெடிக்கும். மறுமுறை அவர் வந்தபோது சில காய்களை நீர் நிறைந்த கோப்பையில் இட்டு, பேச்சுக் கொடுத்தபடி அவர் முன் வைத்தேன். படபடவென வெடித்ததும் "யா அல்லாஹ்!" எனக் கதிரையை விட்டு எழும்பிவிட்டார். வெட்கப்படுவார் என எதிர்பார்த்தேன். அவரோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "இன்னும் போடுங்க ராத்தா, வீடியோ எடுக்கோணும்" என்றார். போட்டேன். நானும் சிரித்தேன் என்பதை மறைப்பதற்கில்லை. அக்காணொளிக்கும் நீ அவருக்கே இதயங்கள் அனுப்பினாய். அதில் கோப்பையருகே தெரிவது என் கை, மகள். நீ பார்த்தும் அறியவில்லையா?

நேற்று அவர் தொலைபேசியில், உன் வீட்டுப் புற்றரையில் முளைத்த மஞ்சள் பூவுக்கு நீ அவரிடம் பெயர் கேட்டதாகப் பெருமையுடன் கூறினார். "ஃபோன் மூணு பேர் சொல்லுது ராத்தா, எது சரியெண்டு நீங்க பாத்துச் சொல்லுங்களேன்" என்றார். நான் சொல்லவில்லை. அந்நிய மண்ணின் பூவை நான் அறியேன் என்பது உண்மை; ஆயினும் அறிந்துகொள்ள என்னால் இயலும், நீ என்னிடம் கேட்டால். இலை தரையோடு படர்ந்துள்ளதா, தண்டை முறித்தால் பால் வடிகின்றதா, வெயில் சாய்ந்ததும் இதழ் மூடுகின்றதா என்பவற்றை நீயே குனிந்து பார்த்து எழுது. குனியும்போது காலுறை அணிந்துகொள், அங்கு தரை குளிர்ந்திருக்கும்.

அல்லாஹ் உங்கள் இருவருக்கும் ஆரோக்கியத்தையும் பரக்கத்தையும் நல்குவானாக. மாமிக்கும் எழுது, மரியாதை குறையலாகாது. ஆனால் எனக்கு எழுதிய பின் எழுது. விரைவாகப் பதில் அனுப்பவும்.

இங்ஙனம்,
உன் உம்மா
பலீலா தாஸிம்