ஜௌஹராவின் ஏழாவது டியூப்

மார்ச் 28, செவ்வாய்

நோன்பு ஆறாம் நாள். காபி குடிக்காத தலை என் தலையே இல்லை.

காலையில் எங்கள் ஆஸ்பத்திரி லேபுக்கு, கஸ்ரீன் ஊரிலிருந்து வந்திருக்கும் ஐந்து மாதப் பெண் குழந்தையின் ரத்தம் வந்தது. பெயர் ஜௌஹரா. ஓயாத வயிற்றுப்போக்கு, அதற்குள் இரண்டு முறை நிமோனியா. ஏழு டியூப், ஏழு சாயம். கிருமியோடு சண்டை போடும் டி செல்களின் எண்ணிக்கையில் ஒரு குறையும் இல்லை. ஏழாவது டியூப்பில்தான் — செல்லின் மேலிருக்கும் எச்எல்ஏ-டிஆர் என்ற மூலக்கூறைப் பார்ப்பது — சாயம் ஏறிய செல் ஒன்றுகூட இல்லை.

பக்கத்து மேசை ராஊஃப் எட்டிப் பார்த்துச் சிரித்தான். "நோன்பு மயக்கத்துல சாயம் விடவே மறந்துட்டியாக்கா? நேத்து நான் கண்ணாடிய ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சுட்டு ஊரெல்லாம் தேடினேன்."

அப்படித்தான் இருக்கும் என்று நானும் சிரித்தேன். மறுபடி பார்க்க ரத்தம் மிச்சமில்லை. எண்ணிக்கையை மட்டும் எழுதி, இயல்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். ஏழாவதைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

மார்ச் 29

நோன்பு திறக்க பிரிக் மடித்துப் பொரிக்கும்போது உள்ளே வைத்த முட்டை வழிந்து எண்ணெய் நாசம். அதற்கும் நோன்புதான் காரணம் என்றேன்.

ஏப்ரல் 26, புதன்

பெருநாள் முடிந்து ஐந்து நாள்கூட ஆகவில்லை. ஜௌஹரா திரும்பி வந்திருக்கிறாள், ஆக்சிஜனோடு. அவளைப் பார்க்கும் டாக்டர் நஜூவா என் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு லேபுக்கே வந்துவிட்டார்.

"எண்ணிக்கை சரின்னு நீதானே எழுதியிருக்கே? அத நம்பித்தான் வீட்டுக்கு அனுப்பினேன். இத்தனை செல் இருந்தும் இந்தப் பிள்ளை ஒரு கிருமியக்கூட ஏன் விரட்டல?"

பதில் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த ஏழாவது டியூப்.

இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு நாளாவது சாயம் விட மறந்திருக்கிறேனா? இல்லையே. அப்புறம் எப்படி நம்பினேன்? ராஊஃப் சிரித்தான், நானும் சிரித்தேன், அவ்வளவுதான். எழுதவே கை கூசுது. அடிப்பாவி, ஒரு வரி எழுதியிருக்கக் கூடாதா?

ஏப்ரல் 27

புது ரத்தம் வாங்கினேன். பக்கத்திலேயே என் ரத்தம். ஒரே சாயம், ஒரே கை. என்னுடையதில் செல்கள் பளிச்சென்று வந்தன. அவளுடையதில் ஒன்றுமில்லை.

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஒரு மாசம் போச்சு, ரதியா. நீ சொல்லலேன்னா இன்னொரு மாசம் போயிருக்கும். வா, அந்தம்மாகிட்ட நீயே சொல்லு."

தாய் மப்ரூக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: "சண்டை போடுற செல்லு அவ உடம்புல நிறைய இருக்கும்மா. ஆனா அது தானா முழிக்காது. இன்னொரு செல்லு கிருமியோட துணுக்கை எடுத்து, தன் மேல இருக்கிற ஒரு மூலக்கூறுல ஏந்திக் காட்டணும். சண்டைக்காரன் அதத் தொட்டுப் பாப்பான். பக்கத்துல இன்னும் ரெண்டு மூணு மூலக்கூறு கைகோத்து ஆமான்னு சொன்னாத்தான் எழுந்திருப்பான். உன் மகளுக்கு அந்த ஏந்திக் காட்டுற கையே இல்ல. போன மாசமே அது என் கண்ணுல பட்டுச்சு. நான்தான் தப்பா நினைச்சு விட்டுட்டேன்."

திட்டுவாள் என்று காத்திருந்தேன். "அப்ப என் பால்ல குத்தம் இல்லையா?" என்றாள். "விஷப்பால்னு மாமியா வீட்ல பேசினாங்கக்கா."

"உன் பாலுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. அம்மா அப்பா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் சேர்ந்து வந்தது. நீயும் உன் வீட்டுக்காரரும் சொந்தமா?"

"சித்தப்பா மகன்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "அவ மூச்சு வாங்கினத ஒரு மாசம் நான் பாத்தேன். நீங்க பாக்கல. இனிமே கண்ணுக்கு ஒண்ணும் தெரியலன்னா, தெரியலன்னே எழுதுங்க."

சரி என்றேன்.

மே 9

ஜௌஹராவின் அக்கா ஹனீனின் ரத்தம் முழுசாகப் பொருந்துகிறது. ஏழு வயது. அவள் மஜ்ஜையை ஏற்றினால் அந்த ஏந்திக் காட்டுற கை ஜௌஹராவுக்கும் வரும். அல்ஹம்துலில்லாஹ்.

ஆகஸ்ட் 14, திங்கள்

இன்று ஹனீனின் எலும்பு மஜ்ஜை ஜௌஹராவுக்குப் போனது. எனக்கு லேபில் ஒரு வேலையும் ஓடவில்லை. மாலையில் ஹனீனைப் பார்க்கப் போனேன். மஜ்ஜை எடுத்த இடுப்பு வலிக்கிறதாம், அதனால் சர்க்கரை தூவிய பம்பலூனி வளையம் இரண்டு வேண்டுமாம். வாங்கிக் கொடுத்தேன். ஒன்றில் பாதி எனக்கும் தந்தாள், சர்க்கரை குறைவாக இருந்த பாதி.

அக்டோபர் 2

ஜௌஹராவின் ஏழாவது டியூப்பில் சாயம் ஏறியிருக்கிறது. முதலில் ராஊஃப் சொன்னான், நான் நம்பவில்லை. மூன்று முறை பார்த்தேன். பிறகு கழிவறைக்குப் போய் அழுதேன். டாக்டர் நஜூவாவுக்கும் ஹனீனுக்கும், என்னை நேராகப் பார்த்துப் பேசிய அந்தப் பெண்ணுக்கும் நான் எப்படி நன்றி சொல்லித் தீர்ப்பேன்?

2024 பிப்ரவரி 6, செவ்வாய்

மப்ரூக்கா கஸ்ரீனிலிருந்து கூப்பிட்டாள். "ரதியாக்கா, பிள்ளைக்குச் சளி பிடிச்சுது! காய்ச்சலும் வந்துச்சு!"

எழுந்தே நின்றுவிட்டேன். "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"அன்னிக்கே சொல்லியாச்சு, இங்க ஆஸ்பத்திரியிலயும் காட்டியாச்சு. ஹனீன் பள்ளிக்கூடத்துலருந்து கொண்டாந்தா, வீட்ல ஒருத்தர் பாக்கி இல்ல. அக்கா, எங்க எல்லாரையும்விட அவளுக்குத்தான் மொதல்ல விட்டுச்சு. மூணே நாள்!"

மேலே பேச முடியாமல் அவள் இருமிக்கொண்டே இருந்தாள். பின்னால் ஜௌஹரா எதையோ தட்டித் தட்டிக் கத்திக்கொண்டிருந்தாள்.