கறுப்பு வயரை எர்த்தில் கொடு

பாலக்கோடு
7-7-2025

ஹுமேரா,

நீ அனுப்பிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஊமை. சோதித்துப் பார்க்காமலே அனுப்பியிருக்கிறாய்.

டிபன் டப்பாவுக்குள் ஸ்பீக்கர், போர்டு, ஒன்பது வோல்ட் பேட்டரி எல்லாம் பார்க்க அழகாகத்தான் இருக்கின்றன. ஓசூர் கம்பெனியில் நாள் முழுக்கப் போர்டில் ஈயம் பற்றவைக்கிற கை என்று தெரிகிறது. கிட்டாரைச் செருகினால் சத்தம்தான் இல்லை. பெட்டி இல்லாவிட்டால் எலெக்ட்ரிக் கிட்டார் வெறும் கம்பிதானே. அடுத்த மாதம் கல்லூரி விழாவில் வாசிக்கப் பெயர் கொடுத்திருக்கிறேன். என் வாசிப்பை நானே இன்னும் கேட்டதில்லை.

நீ எழுதிய மாதிரியே செய்தேன். "கறுப்பு வயரை மட்டும் விட்டிருக்கிறேன், அதை எர்த்தில் கொடு" என்றாய். வயர் எட்டவில்லை. ஒட்டுப்போட்டு இழுத்து, போர் மோட்டாருக்கு அப்பா எர்த் அடித்த கம்பியில் சுற்றினேன். உப்பும் கரியும் போட்ட அந்தக் குழியில் ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினேன். அப்பா பார்த்துவிட்டு, "பொட்டி செத்துப்போச்சா, பால் ஊத்துற?" என்றார்.

ஒன்று மட்டும் நடக்கிறது. மோட்டார் ஓடும்போது பெட்டி 'ம்ம்ம்' என்கிறது. அப்போது கிட்டார் கம்பியைத் தொட்டால் விரல் ஜிவ்வென்கிறது. மோட்டார் நின்றால் அதுவும் போய்விடும். அம்மா அந்த மோட்டார் குழாயடியில்தான் துணி துவைக்கிறாள். "எனக்கும் காலு ஜிவ்வுங்குது, ரத்த ஓட்டம் சரியில்லடி" என்று பத்து நாளாகச் சொல்கிறாள்.

உன் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் போன் கொடுக்கிறார்கள். நேற்று அது முழுக்க உன் அம்மியோடு பேசியே தீர்ந்துவிட்டது போலிருக்கிறது.

கோபத்துடன்,
சுகுணா


ஓசூர்
11-7-2025

சுகுணா,

நீ உயிரோடு இருக்கிறாய், உன் அம்மாவும் இருக்கிறார்கள். இதை முதலில் எழுதிவிட்டுத்தான் மற்றது.

எர்த் என்றால் மண் இல்லைடி, கழுதை. எங்கள் வேலையில் பேட்டரியின் மைனஸில் போய்ச் சேருகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர். விவசாயி மகளுக்கு அதை விளக்கியிருக்க வேண்டும். தப்பு என்னுடையது.

ஆனால் பேட்டரிப் பெட்டி தானாக 'ம்ம்ம்' என்று முனகாது. அந்த முனகல் மின்வாரியக் கரண்டுடையது. மோட்டார் ஓடும்போது மட்டும் வருகிறது என்றால் கரண்டு கசிந்து எர்த் கம்பிக்கும் குழாய்க்கும் வருகிறது. உன் அம்மாவின் கால் ரத்த ஓட்டத்துக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் புதன்கிழமையே வந்துவிட்டது. இங்கே வார்டன் பிரித்துப் படித்த பிறகுதான் தருவார். இன்று காலைதான் என் கைக்கு வந்தது. ஓடிப்போய், அவர் அலமாரியில் பூட்டி வைத்திருக்கும் என் போனைக் கேட்டேன். "ஞாயித்துக்கிழமை பேசிக்கோ. வூட்டுக்கு வூடு மோட்டார் இருக்குது" என்றார். நான் கேட்டைத் தாண்டிவிட்டேன். வெளியே பழவண்டி அக்கா போனைத் தந்தார். அப்போதுதான் உறைத்தது, உன் நம்பர் எனக்கு மனப்பாடம் இல்லை. யாருக்குத்தான் இருக்கிறது? உன் அப்பாவின் தக்காளிக் கிரேட்டுகளில் பெயின்டால் அவர் பெயர் 'மாது' என்று எழுதி, கீழே நம்பர் போட்டிருக்குமே. அவர் டெம்போவில் அந்தக் கிரேட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துதானே பள்ளிக்கூடம் போனோம். கண்ணை மூடினேன், பத்து எண்ணும் தெரிந்தன.

மெயினை அணைத்துவிட்டதாக உன் அப்பா சொன்ன பிறகுதான் போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

கேட்டைத் தாண்டியதற்கு ஒரு மாதம் போன் கிடையாதாம். பரவாயில்லை. கறுப்பு வயரைப் பேட்டரியின் மைனஸ் வயரோடு முறுக்கி டேப் சுற்று. மண்ணைத் தொடாதே.

அன்புடன்,
ஹுமேரா


பாலக்கோடு
16-7-2025

என் ஹுமேரா,

மோட்டார் மெக்கானிக் முருகேஷ் அண்ணன் ஆள் வைத்து மோட்டாரை மேலே எடுத்தார். கேபிள் தோல் உரிந்து இரும்புக் குழாயோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எர்த் கம்பியும் பாதி துரு. "இன்னும் ரெண்டு நாள் ஓட்டியிருந்தா நான் சாமானோட வந்திருக்க மாட்டேன், மாலையோடதான்" என்றார். அம்மா அவரைத் திட்டிவிட்டு, உள்ளே போய் அழுதாள். புது கேபிள் போட்டாயிற்று. அம்மாவின் ரத்த ஓட்டம் அன்றைக்கே சரியாகிவிட்டது.

அப்பா எல்லோரிடமும் உன் போனைப் பற்றித்தான் பேசுகிறார். "ஹலோகூட சொல்லலைங்க அந்தப் புள்ள. 'மெயினை நிறுத்துங்க'ன்னுச்சு. நான் தக்காளி கேக்கறாங்கன்னு நெனச்சேன்."

பெட்டி பாடுகிறது. முதல் தடவை கம்பியைத் தட்டியதும் கட்டியிருந்த கன்று அறுத்துக்கொண்டு ஓடியது. அதைப் பிடித்துக்கொண்டு வந்த அப்பா, "இவ்ளோதான் சத்தமா?" என்றார். வாசித்து வாசித்து விரல் கொப்புளம் போட்டுவிட்டது. நீ சோதித்துப் பார்க்கவில்லை என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கழுதை என்றதை நீ வாங்க வேண்டாம்.

உன்,
சுகுணா

பி.கு. இது ஹுமேராவுக்கு இல்லை. இந்தக் கடிதத்தை அவளுக்கு முன்னால் பிரித்துப் படிக்கிற உங்களுக்கு. என் அம்மாவின் கால் ஜிவ்வென்கிறது என்று புதன்கிழமையே படித்தீர்கள். வெள்ளிக்கிழமை வரை மேஜையில் வைத்திருந்தீர்கள். இப்போது எழுந்துபோய் அந்த அலமாரியைத் திறந்து, அவள் போனை அவள் கையில் கொடுங்கள். கொடுத்ததும் அப்பா நம்பருக்கு அவளைக் கூப்பிடச் சொல்லுங்கள். அந்த நம்பர் அவளுக்குத் தெரியும்.