மேசைக்குக் கீழே இருந்த தெரு

அன்பும் சந்தேகமும் குறையாத என் அத்தானுக்கு,

நீங்கள் கண்மூடி இரண்டாவது குளிர்காலம். கொலிங்வூட்டில் நீங்கள் வாங்கிய அந்தச் சின்ன வீட்டில்தான் அக்கா இன்னும் இருக்கிறாள். இப்போது அந்த வீட்டுக்குத்தான் ஆபத்து.

எங்கள் பக்கத்தால் பெரிய பிறீவே நெடுஞ்சாலை ஒன்று வரப்போகிறதாம். அதை விளக்க அமெரிக்காவிலிருந்து ஒரு நிபுணர் நகர மண்டபத்துக்கு வந்திருந்தார். அக்காவும் நானும் போயிருந்தோம். நல்ல சிரிப்பு. அதுவே எனக்குப் பிடிக்கவில்லை.

தங்கள் நாட்டில் அமைத்த ஆற்றங்கரைப் பூங்கா ஒன்றைப் படமாகக் காட்டினார். நீங்கள் அமெரிக்காவில் ரோட்டு எஞ்சினியராக இருந்தபோது அக்காவோடு நடந்த கரை மாதிரியே இருந்தது. அந்தப் பூங்கா நல்ல வேலை என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதே ஊரில் கறுப்பின மக்களின் தெருக்களை இடித்துப் பாலம் போட்டதையும் சொன்னீர்களே, அந்தப் படம் ஏன் அவரிடம் இல்லை?

நிலம்வரை விரிப்புத் தொங்கிய மேசையில் திட்டத்தின் மாதிரி ஒன்று, மரத்தில் செய்தது. பிறீவேயின் பாலம் அழகாக வளைந்து வந்து மேசை விளிம்பில் அந்தரத்தில் நின்றது. எங்கள் தெருவைக் காணோம். கேட்டேன். "உங்கள் தெருவுக்குப் பாதிப்பில்லை, அதனால் காட்டவில்லை" என்றார்.

யாழ்ப்பாணத்தில் வேலி அடைக்கிற நாளில் அயலவரோடு சிரித்துப் பேசிக்கொண்டே எல்லையில் நட்ட கதியால் கம்பை ஒருதரம் அசைத்துப் பார்ப்பீர்கள், இரவோடிரவாக நகர்த்தி நட்டுவிட்டார்களோ என்று. எவ்வளவு கேலி செய்திருப்போம். அக்காவுக்கும் அதுதான் நினைவு வந்திருக்க வேண்டும்.

"தம்பி, அவர் இருந்திருந்தா உந்தச் சிரிப்பைப் பாத்துக்கொண்டு நிக்கமாட்டார். அந்த விரிப்பைத் தூக்கிப் பார்" என்றாள்.

தூக்கினேன். கீழே மாதிரியின் மிச்சத் துண்டு கிடந்தது. பாலம் அதில்தான் இறங்கியது. எங்கள் தெரு இருந்தது, வீடுகள் இல்லை. வீடுகள் நின்ற இடமெல்லாம் பச்சை பூசியிருந்தார்கள். எடுத்து மேசையில் வைத்தேன். அக்கா குனிந்து தன் சமையலறை நின்ற இடத்தைக் காட்டினாள்.

"என்ரை குசினியிலை புல்லு முளைச்சிருக்கு."

அது கைவிட்ட பழைய திட்டம் என்றார் நிபுணர். அப்போதும் சிரித்தார். என் விரலைப் பார்த்தேன், இன்னும் காயாத பச்சைப் பெயின்ட் ஒட்டியிருந்தது. மண்டபத்தில் எல்லோருக்கும் தெரிய அந்த விரலைத் தூக்கிக் காட்டினேன். பக்கத்து வீட்டுக் கிரேக்கக் கிழவர்தான் முதலில் எழுந்து வந்தார்.

வீட்டைக் காப்பாற்றிவிடுவேன் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை, அத்தான். ஆனால் இனி எந்தக் கூட்டத்திலும் விரிப்பைத் தூக்காமல் கதிரையில் உட்காரமாட்டேன். இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

உங்களைக் கேலி செய்த அதே மைத்துனன்,
சிவம்