கடலுக்குள் போன மஞ்சள் பாய்

ஜூன் 1985, ஞாயிறு

பிரான்சிலிருந்து என் கணவர் கொண்டுவந்த, பாய் கட்டிய சறுக்குப் பலகையை இன்று காலை கரையிலிருந்து வீசிய மேல்காற்று கடலுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. அவர் அதன்மேல்தான் நின்றிருந்தார். கரையில் மாமியார் மாரில் அடித்துக்கொண்டு அழுதார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த மஞ்சள் பாய் சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்தபடி நின்றேன். மீனவர்கள் கட்டுமரத்தில் போய் அவரையும் பலகையையும் மீட்டு வந்தார்கள்.

சாயங்காலம் அவர் பலகையிலிருந்து பாயை அவிழ்த்துச் சுருட்டினார்.

"இனிமே இது வேணாம். வித்துடறேன்" என்றார்.

"விக்காதீங்க. எனக்குக் கத்துக் குடுங்க" என்றேன்.

"உனக்கு நீச்சலே தெரியாதே!" என்று சிரித்தார்.

"அதையும் சேத்துக் கத்துக் குடுங்க."

சிரிப்பை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். பிறகு தூங்கிவிட்டார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.