மூன்றாம் மாடி போன்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது.

உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய். பால் வண்டிக்காரர் எல்லை தாண்டிப் போகிறாராம், அவர் கிளம்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும்.

குண்டு விழத் தொடங்கியதிலிருந்து கட்டடத்தில் எல்லோருக்கும் நம் சலவைக் கடையின் நிலவறைதான் வீடு. வாடிக்கையாளர் துணியைத் தொடாதே என்று உன்னை எத்தனை முறை திட்டியிருப்பேன்! இப்போது நானே எல்லாவற்றையும் விரித்துவிட்டேன். நீதிபதியின் கோட்டு ஒரு கைக்குழந்தைக்கு மெத்தை. அதில் அது என்ன தீர்ப்பு எழுதுகிறது என்று நான் சொல்லத் தேவையில்லை.

இரண்டாம் மாடி தட்டச்சு வாத்தியார், அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க மேலே போனார். கடையில் வெளுத்து வைத்திருந்த விரிப்பில்தான் அவர் உடலைச் சுற்றினோம். அவர் மனைவி பேச்சையே விட்டுவிட்டார். உன் அம்மாதான் அவருக்கு ஊட்டிவிடுகிறாள்.

அம்மாவைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். நீ போன் செய்வதும் சாயங்காலம், குண்டு விழுவதும் சாயங்காலம். மூன்றாம் மாடியில் நம் வீட்டு போன் மணிச் சத்தம் படிக்கட்டு வழியாகக் கீழே கேட்டால் போதும், முட்டிவலிக்காரி மூன்று மாடியையும் ஒரே மூச்சில் ஏறிவிடுவாள். நான் போய் எடுக்கிறேன் என்றாலும் பின்னாலேயே வருவாள். ‘புள்ள குரலைக் கேக்காம நான் எதுக்கு இங்க பதுங்கிக் கிடக்கணும்?’ என்று எகிறுவாள். வாத்தியார் போன மறுநாளும் ஏறினாள்.

அதனால் ஒரு காலையில் அவளுக்குத் தெரியாமல் போய், போன் மணியில் பஞ்சை அடைத்துவிட்டேன்.

கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். அவளோ, உனக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டாள். தண்ணீர்கூட இறங்கவில்லை. இங்கிருந்து எல்லை தாண்டிக் கூப்பிடவும் வழியில்லை. இப்போது சாயங்காலமானால் மணி அடிக்காமலேயே மேலே போகிறாள். ரிசீவரை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்து, ‘லைன் நல்லாத்தான் இருக்கு, அவன்தான் கூப்பிடல’ என்று அழுகிறாள். நேற்று படியில் குறுக்கே படுத்துப் பார்த்தேன். தாண்டிப் போய்விட்டாள். உண்மையைச் சொல்லிவிடலாம்தான். சொன்னால் பஞ்சைப் பிடுங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

நீயும் அங்கே அடித்து அடித்து ஓய்ந்திருப்பாய். என்னைத் திட்டிக்கொள், பரவாயில்லை. ஆனால் இனி போன் செய்யாதே, கண்ணு. உன் ஊரில் போன் பழுது என்று அம்மாவுக்கு உன் கைப்பட நாலு வரி எழுது. கடை முகவரிக்கே அனுப்பு. அவள் ஒரு படிகூட ஏற வேண்டியிருக்காது.

சீக்கிரம் எழுது. அவள் ஏறும்போது என்னால் கீழே இருக்க முடியவில்லை, நானும் பின்னாலேயே ஏறுகிறேன். நீ நூறு வயசு நல்லா இரு.

உன் அப்பா