கண்ணாடி அலமாரி

14 ஜூன் 1998, ஆரணி

மாலை பட்டுக்கடைக்காரரைப் பார்த்தேன். இறந்த மகள் கோமதி பெயரில் எங்கள் பல்கலைக்கழக நூலகத்துக்கு அறக்கட்டளை வைத்தவர். அதன் வட்டியில்தான் ஆண்டுதோறும் புத்தகங்கள் வாங்குகிறார்கள்.

"யாருனா படிக்கிறாங்களாப்பா?"

மரியாதைக்காகத் தனிக் கண்ணாடி அலமாரியில் பூட்டி வைத்திருப்பதைச் சொன்னேன். சிரித்துவிட்டார்.

"ஷோகேஸ்ல மாட்டின பொடவை வெளுத்துதான் பூடும். பூட்ட எடுக்கச் சொல்லு."

"மத்த புத்தகத்தோட கலந்துபோயிடுமுங்க. பெயர்ப்பலகையும் இருக்காது" என்றேன்.

கையிலிருந்த புடவையை மடித்து வைத்தார்.

"உள்ள அவ பேரு இருக்குமில்ல?"

"முதல் பக்கத்துல இருக்குங்க."

"அது போதும்."

இரவு, படுக்கையின் தலைமாட்டில் நூலகப் புத்தகம் ஒன்று. பாதி படித்துவிட்டேன். முதல் பக்கத்தை இப்போதுதான் பார்க்கிறேன். 'ஆரோக்கியமேரி நினைவாக' என்றிருக்கிறது.

யார் இந்த ஆரோக்கியமேரி?